வேலை முடிந்த மாலைகளில் மொட்டை மாடியில் வானம் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்குப் போய் வந்த களைப்பில் இதற்குத் தெம்பு இருக்குமா?

இருக்கும். பாயில் படுத்தபடியே செய்யக்கூடிய காரியம் இது. ஒரு மாலைக்கு அரை மணி நேரம் போதும். கட்டணம் இல்லை, வகுப்பு இல்லை, இரண்டு வாரம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நாள் முழுக்க ஓரடி தூரத்துத் திரையைப் பார்த்த கண்ணுக்குத் தொலைவைப் பார்ப்பதே ஓய்வுதான்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்தி வெளிச்சம் இங்கே சீக்கிரம் அடங்கிவிடும். சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரத்தில் முழு இருட்டு. சென்னையில் நவம்பரில் 5.40 வாக்கிலும் ஜூலையில் 6.40 வாக்கிலும் சூரியன் மறைகிறது. ஆகவே வருடத்தின் எந்த நாளிலும் இரவு எட்டு மணிக்கு மாடியேறினால் வானம் தயாராக இருக்கும். லண்டனிலோ ஸ்டாக்ஹோமிலோ ஜூன் மாதத்தில் முழு இருட்டே வராது.

முதலில் என்ன வாங்க வேண்டும்?

எதுவும் வேண்டாம். ஒரு பாய் அல்லது சாய்வு நாற்காலி, 40 பக்க நோட்டு ஒன்று, பென்சில், ஒரு சின்ன டார்ச். டார்ச்சின் முகப்பில் சிவப்பு செல்லோஃபேன் தாளை இரண்டு மூன்று மடிப்பாகப் போர்த்தி ரப்பர் பேண்டு போடுங்கள். செல்போனில் வான் வரைபடம் காட்டும் ஸ்டெல்லேரியம் ஆப்பை இறக்கிக்கொண்டு, அதில் இரவுக்கான சிவப்புத் திரையை இயக்கி வைக்கலாம்.

சிவப்பு எதற்கு? இருட்டில் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். மங்கிய ஒளியை உணரும் கண் செல்களில் ரோடாப்சின் என்ற நிறமி அப்போதுதான் மெல்லச் சேர்கிறது. வெள்ளை வெளிச்சம் பட்ட நொடியில் அது சிதைந்துபோகும். வாட்ஸ்அப்பை ஒருமுறை திறந்து பார்த்தால் மறுபடி இருபது நிமிடம் காத்திருக்க வேண்டியதுதான். அடர் சிவப்பு ஒளி அந்த நிறமியை அவ்வளவாகத் தொடுவதில்லை. தொடக்கத்தில் பலர் “ஒன்றுமே தெரியவில்லை” என்று இறங்கிப் போவதற்குக் காரணம் வானமல்ல, கையிலுள்ள போன்.

சென்னை, கோவை போன்ற ஊர்களில் விளக்கு வெளிச்சத்தை மீறி என்ன தெரியும்?

நினைப்பதைவிட அதிகம். நிலவு, வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகியவற்றை நகர வெளிச்சம் ஒன்றும் செய்யாது. பிரகாசமான நட்சத்திரங்கள் எல்லாம் தெரியும். பால்வெளி தெரியாது; அதற்கு ஊரைவிட்டு வெளியே போக வேண்டும். பொங்கலுக்குச் சொந்த ஊருக்குப் போகிறவர்களுக்கு ஜனவரி வானம் நல்ல வாய்ப்பு.

மாடியில் இடம் தேர்வதுதான் பாதி வேலை. தண்ணீர்த் தொட்டியின் நிழலிலோ படிக்கட்டு அறையின் மறைவிலோ உட்கார்ந்து, தெருவிளக்கு நேரே கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வானத்தின் ஒரு பக்கம் மறைந்தாலும் பரவாயில்லை.

முதல் மாலை என்ன செய்வது?

வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரைக் கிழிக்கும்போது அன்றைய நட்சத்திரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிலவு அன்று வானத்தில் எந்த நட்சத்திரக் கூட்டத்தின் பக்கம் நிற்கிறது என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. நிலவு 27.3 நாளில் வானத்தை ஒரு சுற்று வருகிறது. நாளுக்கு ஒன்றாக 27 நட்சத்திரங்கள். ரோகிணி என்று போட்டிருந்தால் நிலவுக்கு அருகே ஆரஞ்சு நிறத்தில் ஒன்று மின்னும், அதுதான் ரோகிணி. மகம் என்றால் பக்கத்தில் வெண்ணீலமாக ஒன்று, சித்திரை என்றால் இன்னொன்று. பஞ்சாங்கம் பாதையைச் சம அளவு பாகங்களாகப் பிரித்திருப்பதால் சில நாள் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

இந்த வழியில் நிலவே உங்களுக்கு ஒவ்வொரு நட்சத்திரமாகக் காட்டிக்கொண்டு போகும். வரைபடம் தேவையில்லை. சில விதிவிலக்குகள் உண்டு, குறிப்பாகச் சுவாதி, திருவோணம், அவிட்டம். இவை நிலவின் பாதையிலிருந்து 30 பாகைக்கு (டிகிரிக்கு) மேலோ அதை ஒட்டியோ வடக்கே விலகி நிற்பவை, நிலவுக்கு அருகில் தேடினால் கிடைக்காது.

திதியும் உதவும். வளர்பிறையில் மாலையிலேயே நிலவு இருக்கும். பௌர்ணமிக்குப் பிறகு அது நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். எனவே தேய்பிறைச் சதுர்த்தியிலிருந்து அமாவாசை வரை உள்ள மாலைகள் மங்கலான பொருள்களைப் பார்க்க ஏற்றவை.

என் ஜென்ம நட்சத்திரத்தை வானத்தில் பார்க்க முடியுமா?

முடியும். தன் நட்சத்திரத்தின் பெயரைச் சிறுவயதிலிருந்து சொல்லி வருகிறவர்களில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் மிகக் குறைவு. இதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை.

கார்த்திகை ஒரு சிறு கொத்து. நல்ல கண்ணுக்கு ஆறு நட்சத்திரங்கள் தெரியும். திருவாதிரை என்பது ஓரியன் என்ற வேட்டைக்காரன் உருவத்தின் தோளில் சிவந்து நிற்கும் பீட்டல்ஜூஸ். அதே வேட்டைக்காரனின் தலையிடத்தில் உள்ள சிறு முக்கோணம் மிருகசீரிடம். புனர்பூசம் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இரட்டையர். அஸ்தம் நான்கு நட்சத்திரங்கள் கொண்ட சாய்ந்த சதுரம். சுவாதி ஆரஞ்சு நிறத்தில் தலைக்கு மேல் வருவது. கேட்டை விருச்சிகத் தேளின் நெஞ்சில் சிவப்பாக இருப்பது, மூலம் அதன் வால். திருவோணம் இரு பக்கமும் சிறு நட்சத்திரங்கள் காவல் நிற்க நடுவே பிரகாசிப்பது. பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து ஒரு பெரிய சதுரம்.

பூசம், சதயம், ரேவதி ஆகிய மூன்றும் மங்கலானவை. நகரத்தில் வெறும் கண்ணுக்குக் கிடைக்காது. இந்த நட்சத்திரக்காரர்கள் பைனாகுலரோடு பார்க்க வேண்டும். பூசத்துக்கு அருகில் உள்ள தேன்கூட்டுக் கொத்து அப்போது கிடைக்கும் கூடுதல் பரிசு.

எந்த மாதம் எதைத் தேடலாம்?

எட்டு, எட்டரை மணியளவில் மாடியேறுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு.

ஜனவரி நடுவில் கார்த்திகைக் கொத்து ஏறக்குறைய உச்சியில் இருக்கும். கிழக்கே வேட்டைக்காரன் ஏறி வந்திருப்பான். பிப்ரவரி இறுதியில் வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் தெற்கே உயரத்தில் நிற்கும். அதற்கு நேர் கீழே, தொடுவானத்திலிருந்து சென்னையில் 24 பாகையில், இரண்டாவது பிரகாசமான அகத்தியர் (கனோபஸ்). கன்னியாகுமரியில் அவர் இன்னும் ஐந்து பாகை மேலே தெரிவார். வட ஐரோப்பாவில் வாழ்பவர்களுக்கு அகத்தியர் ஒருபோதும் கண்ணில் படுவதில்லை.

ஏப்ரலில் மகம் தலைக்கு மேல். வடகிழக்கில் சப்தரிஷி மண்டலம் எழும். அதன் வளைந்த வாலின் நடு நட்சத்திரத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒட்டினாற்போல் மங்கலாக இன்னொன்று தெரியும். பெரியது வசிட்டர், சிறியது அருந்ததி. திருமண மேடையில் பகல் வெளிச்சத்தில் கை காட்டப்பட்ட அருந்ததியை ஏப்ரல் முதல் ஜூன் வரை மாலையில் உண்மையாகவே பார்க்கலாம். வசிட்டர் 2.2 பிரகாச அளவு, அருந்ததி 4.0 (எண் கூடினால் ஒளி குறைவு), நகரத்தில் அருந்ததிக்குப் பைனாகுலர் வேண்டியிருக்கும்.

மே மாதம்தான் நமக்கே உரிய மாதம். நடு மே மாதம் எட்டரை மணிக்கு நேர் தெற்கே தாழ்வாகத் தென் சிலுவை நிமிர்ந்து நிற்கும். சென்னையில் அதன் உயரம் சுமார் 17 பாகை, கன்னியாகுமரியில் 22. தெற்கில் கட்டடம் மறைக்காத மாடி வேண்டும். கடற்கரை இன்னும் நல்லது. அதே வாரங்களில் பத்து மணி வாக்கில் ஒமேகா சென்டாரி என்ற மாபெரும் நட்சத்திரக் கோளக்கொத்து தெற்கே 29 பாகையில் வரும். பைனாகுலரில் உருண்டையான பஞ்சுப் பொட்டாகத் தெரியும்.

ஜூனில் சுவாதி உச்சியில். ஜூலையில் தேள் தெற்கே முழு உருவத்தோடு. செப்டம்பரில் திருவோணம் தலைக்கு மேல்.

நான் வீடு திரும்பவே பத்து மணி ஆகிறதே?

நட்சத்திரங்கள் ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முன்னதாக உதிக்கின்றன. மாதத்துக்கு இரண்டு மணி நேரம். ஆகவே பத்து மணிக்குப் பார்ப்பவர் மேலே சொன்ன கணக்கில் ஒரு மாதம் முன்னே போய்ப் பார்க்க வேண்டும்: ஜனவரி பத்து மணி வானம் பிப்ரவரி எட்டு மணி வானமே.

துருவ நட்சத்திரம் ஏன் கிடைக்கவில்லை?

இரண்டு காரணம். அது மிகப் பிரகாசமானது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது நடுத்தரமானது. மற்றொன்று, நம் ஊரில் அது மிகத் தாழ்வாக இருக்கிறது. ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு பாகை உயரத்தில்தான் துருவம் தெரியும்: சென்னையில் 13, மதுரையில் 10, கன்னியாகுமரியில் 8. கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. வடக்கே தொடுவானத்திலிருந்து ஒரு முட்டி உயரத்தில் பாருங்கள்; சென்னையில் அதற்குச் சற்று மேலே, கன்னியாகுமரியில் சற்றுக் கீழே. தூசி மூட்டமுள்ள நாளில் அந்த உயரத்தில் ஒன்றும் தெரியாது.

திசை பார்க்கப் போன் திசைகாட்டியை நம்பும்போது தொட்டியின் இரும்பு, கம்பி நீட்டிய தூண், பைக் ஆகியவற்றிலிருந்து விலகி நில்லுங்கள். இரும்பருகே அது நிறையவே தவறாகக் காட்டும்.

எந்தப் பைனாகுலர் வாங்கலாம்?

10×50 அல்லது 7×50. முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன் லென்சின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 10×50 என்றால் 5 மி.மீ. இருட்டில் விரியும் கண்மணிக்கு இது பொருத்தம். கை நடுங்குபவர்கள், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் 8×42 எடுக்கலாம், எடையும் குறைவு. கண்ணாடி அணிபவர்கள், கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தாலும் முழு வட்டம் தெரிகிறதா என்று கடையிலேயே கண்ணாடியோடு பார்த்துவிட வேண்டும்.

“20 முதல் 180 வரை ஜூம்” என்று அச்சிட்ட எதையும் வாங்காதீர்கள். அவ்வளவு பெருக்கத்தில் கையில் பிடித்துப் பார்க்க முடியாது, படமும் மங்கிவிடும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை: தூரத்தில் உள்ள செல்போன் கோபுரத்தைப் பாருங்கள். படம் இரண்டாகப் பிரிந்து தெரிந்தாலோ, ஒரு நிமிடத்தில் நெற்றி இழுத்துப் பிடித்தாலோ இரு குழல்களும் ஒரே நேரில் இல்லை. அதை வீட்டில் சரிசெய்ய இயலாது, வேறொன்று கேளுங்கள்.

குவியப்படுத்தும் முறையை முதலிலேயே சரியாகப் பழகுங்கள். வலக்கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல் வலது கண்வில்லையில் உள்ள வளையத்தைத் திருப்புங்கள். அந்த வளையத்தை அப்படியே விட்டுவிடலாம். இனி நடுச் சக்கரம் மட்டும் போதும். நட்சத்திரம் ஊசிமுனைப் புள்ளியாக வரும் வரை திருப்ப வேண்டும்.

படுத்துக்கொண்டு பார்த்தால் நடுக்கம் குறையும். உட்கார்ந்தால் முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றுங்கள். பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி மாடியில் ஓரடிகூட நடக்கக் கூடாது.

வெயில் நேரத்தில் அதை எடுக்கவே வேண்டாம். அடிவானத்தில் புதனையோ வெள்ளியையோ தேடுவதானால் சூரியன் முழுதாக மறைந்த பிறகு மட்டும். பைனாகுலர் வழியே சூரியனை ஒரு கணம் பார்த்தாலும் பார்வை நிரந்தரமாகப் போகலாம்.

பைனாகுலரில் எதைப் பார்த்தால் மனம் ஒட்டும்?

வியாழன். அதன் நான்கு பெரிய நிலாக்கள் ஒரே கோட்டில் சிறு புள்ளிகளாகத் தெரியும். கலிலியோ 1610 ஜனவரியில் கண்டது இவற்றைத்தான். ஒவ்வொரு மாலையும் ஒரே நேரத்தில் பார்த்து, நோட்டில் நடுவே ஒரு வட்டம், இருபுறமும் புள்ளிகள் என்று வரையுங்கள். எது எந்த நிலா என்று தெரிய வேண்டியதில்லை. அயோ 1.8 நாளிலும் யூரோபா 3.6 நாளிலும் கானிமீட் 7.2 நாளிலும் கலிஸ்டோ 16.7 நாளிலும் சுற்றி வருகின்றன. மூன்று வாரப் படங்களை வரிசையாக அடுக்கினால் வெகுதூரம் போய்த் திரும்பும் கலிஸ்டோவை நீங்களே பிரித்தறிவீர்கள். வேலை நாட்களின் மாலைகளை ஒன்றோடொன்று கோக்க இதைவிடப் பொருத்தமான பயிற்சி தெரியவில்லை: நேற்றைய படம் இன்றைய மாலையை அழைக்கும்.

நிலவைப் பௌர்ணமியன்று பார்க்காதீர்கள். நேர் வெளிச்சத்தில் நிழல் விழாததால் பள்ளங்கள் தட்டையாகிவிடும். வளர்பிறைப் பஞ்சமி முதல் தசமி வரை, இருளும் ஒளியும் சந்திக்கும் விளிம்பைப் பாருங்கள்.

வேட்டைக்காரனின் இடைக்கச்சைக்குக் கீழே தொங்கும் வாளின் நடுவில் ஒரு மங்கிய புகை தெரியும். நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் நெபுலா என்ற வாயு மேகம் அது, சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவில். நேரே பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் பார்வையை வைத்தால் இன்னும் விரிந்து தெரியும். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, ஓரங்களில்தான் உள்ளன.

டெலஸ்கோப் எப்போது?

ஒரு வருடம் பைனாகுலரோடு பழகிய பிறகு. சனியின் வளையத்துக்கு 25 முதல் 30 மடங்கு பெருக்கம் வேண்டும், அது டெலஸ்கோப்பில்தான் கிடைக்கும். வளையம் 2025 மார்ச்சில் விளிம்புப் பக்கமாகத் திரும்பி மெலிந்து தெரிந்தது. அதன்பின் ஆண்டுக்காண்டு விரிகிறது.

பெட்டியில் “525 மடங்கு” என்று எழுதியிருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். முன் கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதே பயன்படும் உச்ச அளவு, 60 மி.மீ.க்கு 120. மெல்லிய முக்காலியும் ஆகாது, தொட்டால் பத்து நொடி ஆடும். தாழ்ந்த பீடத்தில் வைத்துக் கையால் திருப்பும் 130 அல்லது 150 மி.மீ. டாப்சோனியன் வகை நல்லது. ஆனால் அதை எத்தனை மாடி தூக்கிக்கொண்டு ஏற வேண்டும் என்று முதலில் யோசியுங்கள். தூக்கச் சிரமமான கருவி இரண்டாம் மாதம் பரணுக்குப் போய்விடும்.

நம் ஊர் மாடிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பகல் முழுக்க வெயில் வாங்கிய தளம் இரவில் நெடுநேரம் சூட்டைக் கக்கும். அந்தக் காற்று அலைவதால் கோள்கள் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். மாலையே தளத்தில் தண்ணீர் தெளித்து வைப்பது உதவும். பத்து மணிக்கு மேல் பார்ப்பது இன்னும் மேல்.

நான் பார்ப்பதால் அறிவியலுக்கு ஏதாவது பயன் உண்டா?

உண்டு, அதுவும் வெறும் கண்ணால். திருவாதிரையின் பிரகாசம் மாறிக்கொண்டே இருக்கிறது. 2020 பிப்ரவரியில் அது யாரும் எதிர்பாராத அளவுக்கு, 1.6 வரை மங்கியது. பிரகாச அளவில் எண் கூடினால் ஒளி குறைவு என்று பொருள்.

பிப்ரவரி இரவு எட்டு மணி இதற்குச் சரியான நேரம். திருவாதிரை உச்சிக்கு அருகிலும், ஒப்பிட வேண்டிய இரண்டும் (கிழக்கே புரோசியான் 0.4, மேற்கே ரோகிணி 0.9) ஏறக்குறைய ஒரே உயரத்திலும் இருக்கும். மூன்றையும் மாறி மாறிப் பாருங்கள். திருவாதிரை இரண்டுக்கும் சரியாக நடுவில் இருப்பதாகத் தோன்றினால் 0.6 அல்லது 0.7. ரோகிணிக்கு நெருங்கினால் 0.8. சிவந்த நட்சத்திரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதன் ஒளி ஏறிக்கொண்டே போவதுபோல் தோன்றும். சட்டென்று பார்த்து விலக்குங்கள். தாழ்வாக உள்ள நட்சத்திரத்தோடு ஒப்பிடக் கூடாது, காற்று அதன் ஒளியைத் தின்றுவிடும்.

நோட்டில் தேதி, நேரம், மதிப்பீடு, ஒப்பிட்ட நட்சத்திரங்கள், மேகம், நிலவு ஆகியவற்றை எழுதுங்கள். 1911-ல் தொடங்கிய அமெரிக்க மாறொளிர் நட்சத்திர நோக்கர் சங்கம் உலகெங்குமிருந்து இத்தகைய மதிப்பீடுகளை வாங்கிச் சேர்க்கிறது. அவர்களுக்கு அனுப்ப இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்து உலகப் பொது நேரமாக்க வேண்டும்: இரவு 8.00 என்பது 14.30.

இந்த வேலைக்குச் சென்னையில் பழைய வேர் இருக்கிறது. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த மதராஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளிர் நட்சத்திரத்தைக் கண்டறிந்தார். பிரகாச அளவுகளுக்கு இன்றுள்ள கணித விகிதத்தை முன்வைத்த நார்மன் பாக்சன் அங்கே அவருடைய மேலதிகாரி. அவர் 1861-ல் ஏசியா என்ற சிறுகோளையும் அங்கிருந்தே கண்டார். ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் டெலஸ்கோப் இருக்கிறது. யுரேனஸின் வளையங்களை 1977-ல் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

அக்டோபர் முதல் டிசம்பர் நடுவரை வடகிழக்குப் பருவமழை, எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மழை கழுவிய மறுநாள் வானம் தூசியின்றி இருக்கும், அந்த ஒரு மாலையைத் தவறவிடாதீர்கள். டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகல் பொழிவு. ஒன்பது மணியிலிருந்தே பார்க்கத் தொடங்கலாம் என்பதால் மறுநாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்றது. ஆகஸ்ட் பெர்சீட் பொழிவு நள்ளிரவுக்குப் பிறகே சூடுபிடிக்கும்.

மழை மாதங்களில் கண்ணாடிகளைக் காப்பாற்றுவதே முக்கிய வேலை. ஈரப்பதத்தில் லென்சில் பூஞ்சை பிடிக்கும், பிடித்தால் போகாது. காற்றுப் புகாத சமையலறை டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு பைனாகுலரை வையுங்கள். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று தெரியும். ரெக்சின் உறையில் மூடி பீரோவுக்குள் வைப்பதுதான் பூஞ்சைக்கு வழிவிடுவது.

கொசுவுக்கு?

முழுக்கை, முழுக்கால் உடை, காற்று வரும் திசையில் ஒரு சுருள். பூச்சு தடவினால் கையை நன்றாகத் துடைத்த பிறகே கருவியைத் தொடுங்கள். பல கொசு விரட்டிகளில் உள்ள டீட் என்ற பொருள் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் இளக்கிவிடும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடி பூட்டியிருக்கிறது.

சங்கச் செயலாளரிடம் வாரத்தில் குறிப்பிட்ட இரு நாள், குறிப்பிட்ட நேரம் என்று கேளுங்கள். “எப்போதாவது” என்று கேட்டால் சாவி கிடைக்காது. முதல் முறை அவர் வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துப் போய் வியாழனைக் காட்டுங்கள். அனுமதி இல்லாவிட்டால் பால்கனியே போதும். தெற்குப் பார்த்த பால்கனி இருந்தால் சிரியஸ், அகத்தியர், தென் சிலுவை, தேள் எல்லாம் அந்த ஒரு சாளரத்தைக் கடந்தே போகும்.

குழந்தைகளையும் கூட்டிச் செல்லலாமா?

பத்து நிமிடத்துக்கு மேல் நிறுத்தி வைக்காதீர்கள். அவர்களுக்கு அசையும் பொருள் பிடிக்கும்: சர்வதேச விண்வெளி நிலையம். சுமார் 400 கி.மீ. உயரத்தில் போகும் அது சூரிய ஒளியை எதிரொளித்து, சிமிட்டாமல், சத்தமில்லாமல் மேற்கிலிருந்து கிழக்கே நான்கைந்து நிமிடத்தில் கடக்கும். விளக்கு சிமிட்டினால் விமானம். நிலையத்தின் மீது வெயில் பட வேண்டும், நாம் இருட்டில் இருக்க வேண்டும். அதனால் மாலையின் முதல் இரண்டு மணி நேரத்திலும் விடியலுக்கு முன்னும் மட்டுமே தெரியும். உங்கள் ஊரைக் கடக்கும் நேரத்தை நாசாவின் ‘ஸ்பாட் தி ஸ்டேஷன்’ ஆப்பில் முன்கூட்டியே பார்க்கலாம். கடக்கும்போது வழியிலேயே திடீரென்று மறைந்தால், அது பூமியின் நிழலுக்குள் போயிருக்கிறது என்று காட்டிச் சொல்லுங்கள்.

துணைக்கு ஆட்கள் கிடைப்பார்களா?

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பல மாவட்டங்களில் வான்நோக்கு நிகழ்ச்சிகள் நடத்துகிறது. சென்னையில் பிர்லா கோளரங்கம், திருச்சியில் அண்ணா அறிவியல் மையத்தின் கோளரங்கம் ஆகியவற்றிலும் விசாரிக்கலாம். டெலஸ்கோப் வாங்க நினைப்பவர்கள் அத்தகைய ஒரு கூட்டத்தில் பிறர் கருவியில் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. எதில் என்ன தெரியும், எது கனம் என்பதெல்லாம் ஒரே இரவில் விளங்கிவிடும்.